புஷ்பத்தின் மலைநாள்

காலை ஐந்தே முக்காலுக்கு அடிவார வாயிலில் ஆக்னஸ் தன் அம்மாவின் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேல்மலைக்குப் போகும் எந்தச் செருப்பிலும் கீழ்நாட்டு விதை ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஆறு வருடங்களாக யார் யாருடைய செருப்பு இடுக்குகளையோ பிரஷால் தேய்த்துத் தேய்த்து அவளுடைய விரல் நகங்களுக்குள் சோப்பு நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. நிலவியலில் முதல் வகுப்பில் தேறியவள். அவள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள்.

"குடுடி, நானே கழுவிக்கிறேன். பெத்த புள்ளைய செருப்பு கழுவ விட்டுட்டு உக்காந்திருக்க என்னமோ மாதிரி இருக்கு" என்றாள் புஷ்பம்.

"உட்காருங்க விருந்தினரே."

"என்னாது?"

"சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான். இது எல்லாத்தையும் கேக்கும்." சட்டையில் குத்தியிருந்த செவிவில்லையைத் தொட்டுக்காட்டினாள் ஆக்னஸ். வழிகாட்டி பேசுவதையும் பார்ப்பதையும் பதிவு செய்யும் சின்ன வட்டத் தகடு அது.

புஷ்பம் குனிந்து அந்தத் தகட்டுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனாள். "ஐயா, இவ நேத்து சாப்பிடாமயே படுத்துட்டா. என்ன ஏதுன்னு கொஞ்சம் கேளுங்க."

"அம்மா!"

"பாத்தியா, நீயே மறந்துட்ட."

தகடு ஒருமுறை சிவந்து அடங்கியது. 'அம்மா' என்ற சொல்லுக்கு ஒரு குறை. பத்துக் குறை சேர்ந்தால் ஒரு மாதம் வேலை கிடையாது.

அடுத்தடுத்து மூன்று வருடம் மலை சரிந்து, கீழே ஆறுகள் வறண்டு, பிறகு மேல்மலையை மொத்தமாக மூடியபோது ஆக்னஸுக்குப் பதினொரு வயது. தேயிலைத் தோட்டங்களைக் காலி செய்து ஆட்களைப் பொள்ளாச்சிப் பக்கம் அடுக்குக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். எட்டு வருடத்தில் காடு மூச்சுவிட்டது, ஆறு திரும்பியது. அது உண்மை; அதை ஆக்னஸும் மறுக்க மாட்டாள். அதற்குப் பிறகு வந்ததுதான் மலைநாள் நெறி. நாளொன்றுக்கு நாற்பது பேர். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு நாள். சறுக்கூர்தியில் தனியாக, ஒரு வழிகாட்டியோடு, ஐந்து நிறுத்தங்கள். கடைசி நிறுத்தம் கருநீர் ஏரி. பணக்காரன், ஏழை, எல்லாருக்கும் சமம் என்று செய்தியில் சொன்னபோது குடியிருப்பில் சிலர் கைகூடத் தட்டினார்கள்.

நெறியின் பதினேழாம் பிரிவை அப்போது யாரும் படிக்கவில்லை. மலையில் முன்பு வசித்தவர்களுக்கு, வசித்த ஒவ்வொரு நாளும் ஒரு மலைநாளாகக் கொள்ளப்படும். புஷ்பம் இருபத்தொன்பது வருடம் அங்கே கொழுந்து பறித்தவள். ஆகவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நாள்களை ஏற்கெனவே அனுபவித்துவிட்டாள். இனி அவளுக்கு மலை கிடையாது.

ஆக்னஸுக்கும் கிடையாதுதான். அவள் மேலே போவது ஆளாக அல்ல. நெறிப்படி வழிகாட்டி ஒரு உபகரணம். உபகரணம் சாப்பிடாது, தண்ணீரைத் தொடாது, காட்சியைப் பார்க்காது. ஆறு வருடம் குறையில்லாமல் உழைத்த உபகரணத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: ரத்த உறவில் ஒருவருக்கு ஒரு நாள் வாங்கித் தரலாம். அந்த நாள் இன்றைக்கு.

சறுக்கூர்தி தரையைத் தொடாமல் மேலேறியது. ஊழியர்கள் அதை 'பாட்' என்பார்கள். முட்டை வடிவம், முழுக்கக் கண்ணாடி. விருந்தினரின் இருக்கை முன்னோக்கி இருக்கும். வழிகாட்டியின் இருக்கை அதற்கு எதிரே, விருந்தினரைப் பார்த்தபடி. மலையும் அருவியும் எப்போதும் ஆக்னஸின் முதுகுக்குப் பின்னால்தான். அவள் கண் விருந்தினரின் கைகளில் இருக்க வேண்டும். இலையைக் கிள்ளுகிற கை, கல்லை எடுக்கிற கை, குரங்குக்குப் பிஸ்கட் நீட்டுகிற கை. வேலை நேர்காணலில் கேட்ட ஒரே கேள்வி அதுதான்: "எவ்வளவு நேரம் கண் சிமிட்டாம கைய பாப்பே?"

"ஏரி எப்ப வரும்?" என்றாள் புஷ்பம், முதல் வளைவிலேயே.

"ஐந்தாவது நிறுத்தம், விருந்தினரே. இப்ப வலது பக்கம் நீங்க பாக்குறது..."

"அருவி. தெரியும். அதுலதான் போர்வை துவைப்போம். ஏரிய சொல்லு."

விஷயம் இதுதான். இருபத்தொன்பது வருடம் ஏரிக்கு ஒரு மைல் தள்ளி வாழ்ந்தும் புஷ்பம் அதைப் பார்த்ததில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு முகடு. அந்தப் பக்கம் ஒரு சொகுசு விடுதியின் வேலி. ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் ஒருமுறை போனார்கள். வேலிக்காரன் அவர்களுடைய விரல்களைப் பார்த்தான். தேயிலைக் கறை. 'தோட்டத்தாளுங்க கூட்டமா வந்தா கெஸ்ட்டுக்குத் தொந்தரவு' என்று திருப்பி அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு மாலை நேரங்களில் விசைப்படகின் சத்தம் மட்டும் முகட்டைத் தாண்டி வரும். இருபத்தொன்பது வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அதைத்தான் பத்தாயிரம் மலைநாள் என்கிறது பதினேழாம் பிரிவு.

முறையீடு எழுதிப்போட்டாள் ஆக்னஸ், இரண்டு முறை. 'பார்க்காமல் இருந்தது மனுதாரரின் தனிப்பட்ட தெரிவு' என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவள் கிழிக்கவில்லை. கிழித்து என்ன ஆகப்போகிறது?

முதல் நிறுத்தத்தில் மூடுபனி. இரண்டாவதில் ஒரு காட்டெருமை சறுக்கூர்தியை முறைத்துவிட்டுப் போனது. புஷ்பம் இரண்டுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். விருந்தினருக்கான சிற்றுண்டிப் பெட்டி திறந்ததும் கேக்கைப் பாதியாகப் பிட்டு நீட்டினாள்.

"வேண்டாம், விருந்தினரே. நாங்க சாப்பிடக் கூடாது."

"கூடாதுன்னா, பசிக்கவும் கூடாதா?"

"அதுக்கு இன்னும் விதி போடல."

புஷ்பம் சிரித்தாள். பிறகு அந்தக் கேக்கைத் தானும் தின்னாமல் பெட்டியில் வைத்து மூடினாள்.

மூன்றாவது நிறுத்தம் காட்சித் தோட்டம். கைவிட்ட தேயிலையெல்லாம் மரமாக ஓங்கி, சோலைக் காட்டுக்குள் மறைந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் இங்கே என்ன இருந்தது என்று காட்டுவதற்காக நான்கு வரிசைச் செடிகளை மட்டும் இடுப்பளவில் வெட்டி வைத்திருந்தார்கள். நடுவே நடைபாதை. பத்து நிமிடம்.

செடிகளைப் பார்த்ததும் புஷ்பத்தின் முகம் சுளித்தது. "எவன்டி இங்க கவாத்து வெட்டுனது? செடிய இப்படியா மொட்டையடிப்பான்? எங்க சூப்பர்வைசர் பாத்திருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பாரு."

"இயந்திரம் வெட்டுது, விருந்தினரே."

"அதான பாத்தேன். மனுசன் வெட்டுனா கொஞ்சமாச்சும் கூச்சம் இருக்கும்."

இடுப்பளவுச் செடிகளுக்கு நடுவே அவள் நடந்தாள். ஆக்னஸ் அவளுக்கு எதிர்முகமாகப் பின்னோக்கி நடந்தாள். இந்த வரிசையில் யார் யார் நின்றார்கள், அட்டை கடித்த கால்களோடு எப்படி ஓட்டமாய் ஓடி எடை போடுவார்கள், எடைத்தட்டில் யார் முழங்காலை முட்டுக்கொடுத்து ஏமாற்றுவாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள் புஷ்பம். நடித்தும் காட்டினாள். ஆக்னஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் ஒரு விருந்தினரின் முகத்தை அவள் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு வலது கன்னத்தில் ஒரு குழி விழுகிறது. இத்தனை நாள் அது அவளுக்குத் தெரியாது.

புஷ்பத்தின் மணிக்கட்டில், வாயிலில் கட்டிவிட்ட கண்காணிப்புப் பட்டை அலறியது.

இருவரும் கீழே பார்த்தார்கள். புஷ்பத்தின் இரண்டு கைகளும் செடிமேல் இருந்தன. பேச்சு ஒரு பக்கம் போக, கைகள் அவற்றின் வேலையைப் பார்த்திருந்தன. இரண்டு இலை, ஒரு மொட்டு. கிள்ளி, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீச்சு. முதுகில் கூடை இல்லை. நடைபாதை நெடுக, அவள் நடந்து வந்த வழியெல்லாம், பச்சைக் கொழுந்து கொத்துக் கொத்தாகக் கிடந்தது.

"ஐயோ," என்றாள் புஷ்பம். "நான் பறிக்கலடி. நான் எங்க பறிச்சேன்?" அவள் விரல்களுக்குள் இன்னும் மூன்று கொழுந்து இருந்தது.

தாவர ஊறு. நாள் முடிந்தது. ஒரு இலை என்றாலும் ஒரு மரம் என்றாலும் ஒரே விதிதான். பாட் தானாகவே அருகில் வந்து கதவைத் திறந்தது. ஏறாவிட்டால் காவல் வரும்.

உள்ளே ஒலிபெருக்கியில் கட்டுப்பாட்டு அறை பேசியது. இன்றைய பணியில் நவநீதன். நல்ல மனிதர்தான். "ஆக்னஸ், என்னம்மா இது? உனக்கு இப்படி நடந்ததே இல்லையே."

"சார், இன்னும் ரெண்டு வளைவுதான் ஏரி. இறங்க வேணாம். கண்ணாடிக்குள்ள இருந்தே ஒரு நிமிஷம் பாத்துட்டுத் திரும்பிடுறோம். ஒரே நிமிஷம் சார்."

"வண்டி என் கையில இல்லம்மா. ஊறு பதிவான நொடியே அதுவா திரும்பிரும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். எத்தனை விருந்தினர்களிடம் இதே வாக்கியத்தை அவளே சொல்லியிருக்கிறாள்! பாட் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் நவநீதன். குரல் தாழ்ந்தது. "விருந்தினர் அறியாம செஞ்சாங்களா, அறிஞ்சு செஞ்சாங்களா? அறியாமன்னா வழிகாட்டியோட கவனக்குறைவு. உரிமத்தை வாங்கிருவாங்க. அறிஞ்சுன்னா உனக்கு ஒண்ணுமில்ல. விருந்தினர் பேரு அடிவார வாயில் பலகையில ஏறும், காடழிப்புன்னு. வாயிலுக்கு வர்றதுக்குள்ள சொல்லணும்."

"அறியாமதான் சார். அவங்க கை..."

"அறிஞ்சுதான்." புஷ்பம் முன்னால் நகர்ந்து அந்தத் தகட்டைக் கையால் பிடித்து, அதனிடமே சொன்னாள். "நான்தான் வேணும்னே பறிச்சேன். டீ போட்டுக் குடிக்கலாம்னு. இந்தப் பொண்ணு எவ்வளவோ சொல்லிச்சு, நான்தான் கேக்கல."

"அம்மா, பொய் சொல்லாத!"

"யாருடி உனக்கு அம்மா? ஐயா, எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேம்மா" என்றார் நவநீதன்.

ஆக்னஸ் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் வேலை போகும். குடியிருப்பு வாடகை அவள் சம்பளத்தில்தான் போகிறது. போனாலும் அம்மாவுக்கு ஏரி கிடைக்காது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். தன்மீதே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அதற்கும் கண்ணாடிக்குள் இடமில்லை.

அருவி திரும்ப வந்து, கடந்துபோனது.

"சரி விடு" என்றாள் புஷ்பம். "நீதான் தினம் பாக்குறியே. எப்படி இருக்கும்னு சொல்லு, கேட்டுக்கிறேன்."

ஆக்னஸ் தொண்டையைச் செருமினாள். "கருநீர் ஏரி கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அதிகபட்ச ஆழம் முப்பத்தொரு மீட்டர். மூன்று பக்கமும் சோலைக் காடுகள் சூழ்ந்த இந்த ஏரியில்..."

"அது சரி. பாக்க எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும்? ஏரிக்கரைத் தளத்தில் நிற்கிற விருந்தினர்களின் கைகளை அவளால் சொல்ல முடியும். கம்பியை இறுக்கிப் பிடித்து வெளுத்த முட்டிகள். வாயைப் பொத்திக்கொள்கிற கைகள். எதிர்பாராமல் ஒன்றையொன்று தேடிக் கோத்துக்கொள்கிற விரல்கள். ஏரியை அவள் முதுகு மட்டும்தான் அறியும். ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான்.

"நல்லா... பெரிசா இருக்கும்மா" என்றாள்.

புஷ்பம் மகளையே பார்த்தாள். பிறகு பார்வையைக் கண்ணாடிக்கு வெளியே திருப்பிக்கொண்டாள். "போதும் விடு. உனக்கும் தெரியல."

வாயிலில் காத்திருப்புக் கொட்டகையில் மணி அடித்தது. யாருடைய நாளாவது பாதியில் முடிந்தால், மீதி நாள் வரிசையில் முதலில் இருப்பவருக்குப் போய்ச் சேரும். ஆனால் வண்டியும் வழிகாட்டியும் மாறுவதில்லை. நாற்பது வயதில் ஒருவர் ஓடிவந்தார். துறையூர்க்காரர், பெயர் கதிரேசன். பதினொரு நாளாகக் கொட்டகையில் காத்துக் கிடக்கிறாராம். மகிழ்ச்சியை மறைக்கத் தெரியாமல், இறங்குகிற பெண்ணைப் பார்த்து அரைகுறையாகக் கும்பிட்டார்.

புஷ்பம் நின்றாள். "தம்பி, ஒரு உதவி செய்வீங்களா?"

"சொல்லுங்கம்மா."

"ஏரிய நல்லா பாத்துட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லணும். நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

கதிரேசன் குழம்பினார். "சொல்றேம்மா. ஆனா இவங்க தினம் போறவங்கதானே? என்னைவிட இவங்க நல்லா..."

"அவங்களுக்கு வேலை இருக்கும்" என்றாள் புஷ்பம். மகளைத் திரும்பிப் பார்க்காமல் கொட்டகையை நோக்கி நடந்தாள்.

கதவு மூடியது. பாட் எழும்பியது. கதிரேசன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் ஒழுங்காக வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா யாருங்க?"

ஒரு விருந்தினரைப் பற்றி இன்னொருவரிடம் பேச அனுமதிக்கப்பட்ட சொற்கள் இரண்டே இரண்டுதான்.

"முந்தைய விருந்தினர், சார்."

"பாவம்ங்க. இலைய பறிச்சிட்டாங்களாமே, அங்க பேசிக்கிட்டாங்க. வாழ்நாள்ல ஒரே நாள் கிடைக்குது, அதுலயும் கைய கட்டிக்கிட்டு இருக்கத் தெரியல." அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "படிக்காதவங்க போல. என்ன செய்றது."

ஆக்னஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய கைகளைப் பார்த்தாள். அரைநாள் பயணத்துக்கு நடுவில் நிறுத்தங்கள் கிடையாது. காட்சித் தோட்டத்தில் துப்புரவு இயந்திரம் ஒன்று நடைபாதையிலிருந்த கொழுந்துகளை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பாட் அதைத் தாண்டி, அடுத்த இரண்டு வளைவுகளையும் எடுத்தது.

"அடடா!" என்றார் கதிரேசன். அவருடைய கைகள் மடியிலிருந்து மெல்ல எழுந்தன.