சுவரில் டி.பி.

குபாத் செத்துக் கிடந்தார்!

ஓஷ் நகரம். அவருடைய சொந்தச் சமையலறை. மண்டையில் ஒரே அடி. சுவரில் ரத்தத்தால் இரண்டே எழுத்து...

டி.பி.

"காசநோய்," என்றார் போலீஸ் டாக்டர் ஜுமாதில்.

"டெராபைட்! ஏதோ ஹார்டு டிஸ்க் விவகாரம்," என்றான் கம்ப்யூட்டர் பிரிவு எல்தார்.

"குபாத் வேலை பார்த்த சுரங்கத்துல, ரஷ்ய மொழியில அது பாதுகாப்பு விதி," என்றார் ஏட்டு. "போர்டு போர்டா மாட்டியிருக்கும். ஒருத்தனும் படிக்கமாட்டான்."

இன்ஸ்பெக்டர் பெர்மெத்துக்குத் தலை வலித்தது.

போன் அலறியது. மேலதிகாரி!

"டி.பி.ன்னா தாமஸ் பெர்க்! இங்கிலீஷ்ல முதலெழுத்து. சுரங்கத்து ஜெர்மன் எஞ்சினீயர். குபாத்தோட சண்டை போட்டவன். லாக்கப்லதானே இருக்கான்? மத்தியானத்துக்குள்ள கேஸை முடிம்மா!"

லாக்கப்பில் பெர்க் அழுதுகொண்டிருந்தார். அவர் கொல்லவில்லை என்று பெர்மெத் நம்பினாள். அந்த நம்பிக்கையை எந்த கோர்ட்டில் காட்டுவது?

குபாத்தின் சமையலறைக்குத் திரும்பி, மறுபடி பார்த்தாள்.

மேஜை கவிழ்ந்திருந்தது. கிண்ணம், திராட்சை, டீ... எல்லாம் தரையில். வட்ட ரொட்டி மட்டும் ஜன்னல் திண்டில், நிமிர்ந்தபடி. தூக்கிப் பார்த்தாள். அடியில் ரத்தக் கறை!

வாசலுக்கு வந்தாள். அங்கே குபாத்தின் மச்சினன் நின்றிருந்தான். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின்... நாலு பேர் முதலெழுத்தைச் சேர்த்து அப்பா வைத்த பெயர், மெலிஸ்.

"சுவத்துல அத்தானே எழுதிட்டுப் போயிருக்காராமே! இன்னும் என்னக்கா யோசனை?"

"ஒண்ணுமில்ல தம்பி. அந்த பெர்க் எவ்ளோ கேடுகெட்டவன் பாரு... கீழ விழுந்த ரொட்டிய பூட்ஸ் காலால மிதிச்சிருக்கான்."

மெலிஸின் முகம் சிவந்தது. இந்த ஊரில் கொலையைக்கூட மன்னிப்பார்கள். ரொட்டியை மிதித்தால் மாட்டார்கள்.

"யாரு மிதிச்சா?"

"கொலைகாரன்தான்."

"அபாண்டம்! ரொட்டிய எவனாவது மிதிப்பானா? விழுந்த உடனே எடுத்து, நிமித்தி, ஜன்னல்ல வச்..."

நிறுத்தினான்.

"உன்னை இன்னும் உள்ளயே விடலையே, தம்பி..."

மெலிஸ் அப்படியே படியில் உட்கார்ந்தான்.

"எங்கக்காவ தினம் அடிச்சான்... தாங்க முடியலக்கா. பழிய அந்த ஜெர்மன்காரன் மேல போட்டுடலாம்னு எழுதினேன்."

பெர்மெத்துக்கு அவன் மேல் பரிதாபம்தான். இருந்தாலும் விலங்கை மாட்டினாள்.

டாக்டர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏம்மா, அப்ப அந்த டி.பி.க்கு என்னதான் அர்த்தம்?"

"பதினஞ்சு வருஷம் ஜெயில், டாக்டர்."