தூக்கு, மடக்கு, அடி

குருவி இப்போது நன்றாக வளர்ந்துவிட்டாள். பேருந்தில் மேல் கம்பியை எட்டிப் பிடிக்கிறாள். ஆனாலும் எங்காவது பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டால் போதும், மறுபடியும் ஒன்பது வயதுக் குருவியாகிவிடுவாள். அந்த ஒரு வாரத்தை அவளால் மறக்கவே முடியவில்லை.

அப்போது அவர்கள் இருந்தது ஒரு மாடி வீடு. வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் சிமெண்ட் தளம். அதன் கடைசியில் ஒரு பெரிய சுவர். அந்தச் சுவர்தான் அக்காவின் டென்னிஸ் மைதானம். தையல் வேலை செய்யும் அம்மா, அளவு நாடாவை வைத்து அளந்து, துணியில் குறி போடும் சாக்குக் கட்டியால் மூன்றடி உயரத்தில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்திருந்தார். அதுதான் வலை. பந்து கோட்டுக்கு மேலே பட்டால் சரி. கீழே பட்டால் வலையில் விழுந்ததாகக் கணக்கு.

அக்கா சர்வ் அடிப்பதில் கெட்டிக்காரி. சர்வ் என்றால் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முதல் அடி. ஒரு கையால் பந்தை மேலே தூக்கிப் போட வேண்டும். முட்டியை மடக்கி எழும்ப வேண்டும். மட்டை பிடித்த கை முழுதாக நீண்டிருக்கும்போது, தலைக்கு மேலே பந்தை அடிக்க வேண்டும். மூன்றும் நேரத்துக்கு நடந்தால் பந்து பறக்கும். ஒன்று முந்தினாலும் போச்சு!

அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்வது குருவியின் வேலை. நான்கு வயதில் ஒருநாள் விளையாட்டாக, "தூக்கு, மடக்கு, அடி!" என்று கத்தினாள். அன்று அக்கா அடித்த பந்து சுவரில் பட்டு, அக்காவையே தாண்டி ஓடியது. அதிலிருந்து குருவி கத்தினால்தான் அக்கா அடிப்பாள்.

போட்டியில் யாரும் அப்படிக் கத்த முடியாது. அதனால் என்ன? தலைக்குள் குருவியின் குரல் கேட்டுக்கொண்டேதான் இருக்கும் என்பாள் அக்கா. குருவிக்குத் தலைகால் புரியாத பெருமை. அக்காவின் சர்வில் பாதி தன்னுடையது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தாள்.

அக்காவின் பதினான்காவது வயதில் அந்த சர்வ் கெட்டுப்போனது. பத்துப் பந்தில் ஏழு வலையில் விழுந்தன. பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை தேர்வு ஆட்டம். அன்றைக்கும் இப்படியே அடித்தால் பள்ளி அணியில் இடம் கிடையாது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாஸ்டர் பலம் போதாது என்றார். அப்பா தூக்கம் போதாது என்றார். கீழ்வீட்டு மாமா மட்டையே சரியில்லை என்று அடித்துச் சொன்னார். அவர் பிறந்ததிலிருந்து ஒரு மட்டையையும் தொட்டதில்லை! அக்கா தட்டில் இருந்த சோற்றைச் சும்மா அளைந்துகொண்டிருந்தாள்.

தன் குரல்தான் போதவில்லையோ என்று குருவி இன்னும் உரக்கக் கத்திப் பார்த்தாள். பந்து இன்னும் கீழே போனது.

புதன்கிழமை சாயங்காலம் குருவியின் வாயில் ஒரு பெரிய மிட்டாய். அது மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து ஒட்டிவிட்டது. கத்தவே முடியவில்லை. அக்காவுக்கு எரிச்சல். எதையும் நினைக்காமல் பந்தை உயரத் தூக்கிப் போட்டு ஒரு அடி அடித்தாள்.

படார்! கோட்டுக்கு ஒரு சாண் மேலே பட்டு, படிக்கட்டு வரை திரும்பி ஓடியது பந்து.

ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்றாள் அக்கா. மிட்டாயை விழுங்கிவிட்டுக் குருவி மறுபடி கத்தினாள். பந்து மறுபடி கோட்டுக்குக் கீழே.

இருவரும் மேலே வந்தபோது, அம்மா அக்காவின் விளையாட்டு உடுப்பின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷத்தில் அது மூன்றாவது முறை.

"ஒரே வருஷத்துல நாலு அங்குலம் வளர்ந்துட்டா. பழைய அளவு எப்படிப் பத்தும்?" என்று அலுத்துக்கொண்டார்.

குருவி அப்படியே நின்றுவிட்டாள். அக்காவின் கையும் நீண்டிருக்குமே! அந்தக் கை முழுதாக எட்டி அடிக்க, பந்து இன்னும் உயரமாகப் போக வேண்டும். உயரமாகப் போக, இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். ஆனால் குருவியின் "அடி" ஐந்து வருஷமாக அதே வேகத்தில்தான் வருகிறது. அதற்குப் பிந்தக் கூடாதென்று அக்கா பந்தைத் தாழப் போட்டு, முழங்கை மடங்கியபடியே அடிக்கிறாள். பிறகு பந்து வலைக்குப் போகாமல் வேறு எங்கே போகும்?

தப்பு அக்காவிடம் இல்லை. தன்னிடம்தான்.

மறுநாள் பள்ளியில் ஒரு பாடமும் தலையில் ஏறவில்லை. சொல்லாவிட்டால் அக்காவின் இடம் போய்விடும். சொன்னால், சர்வில் தன் பாதி போய்விடும். அதை நினைத்தாலே அழுகையாக வந்தது. ஆனாலும் சாயங்காலம் அக்கா மட்டையை எடுத்ததும் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இனிமே நான் கத்தமாட்டேன். என்னாலதான் உனக்குத் தப்பாப் போகுது."

அக்கா முதலில் நம்பவில்லை. குருவி எல்லாவற்றையும் விளக்கிய பிறகு, அமைதியாக ஒரு சர்வ் அடித்துப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே.

"நீ வாயை மூடினா மட்டும் போதுமா? என் தலைக்குள்ள கத்திட்டுதானே இருக்க. அஞ்சு வருஷப் பழக்கம்டி, எப்படிப் போகும்?"

குருவி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஏழாம் வாய்ப்பாட்டைத் தாறுமாறாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஏழிரண்டு பதினெட்டு, ஏழுமூன்று நாற்பது, ஏழுநான்கு மூன்று! அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சத்தத்தில் தலைக்குள் வேறு எந்தக் குரலும் கேட்கவில்லை.

"மேலே போன பந்து ஒரு நொடி நிக்கும். அதை மட்டும் பாரு, அக்கா."

அக்கா பார்த்தாள். பந்து நிதானமாக மேலே போனது. அவள் முட்டி மடங்கியது, கை முழுதாக நீண்டது.

படார்!

சனிக்கிழமை குருவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதல் பந்து வலையில் விழுந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். குருவி வாயைத் திறக்காமல் வானத்தைக் காட்டினாள். அடுத்த பந்து வலையைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கக் கட்டத்துக்குள் விழுந்தது. போகப் போக, எதிரே நின்ற பெண் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து அவளைக் கடந்துவிட்டது. மாஸ்டர் அக்காவின் பெயரை அணிப் பட்டியலில் எழுதினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குருவிக்குச் சந்தோஷம். ஆனாலும் அவள் உதடுகள் பழக்கத்தில் தூக்கு, மடக்கு, அடி என்று சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அக்கா அதைக் கவனித்தாள்.

"என் தலைக்குள்ள இப்ப சத்தமே இல்லடி. வெறிச்சுனு இருக்கு" என்றாள்.

சுவர்ப் பக்கம் வந்ததும் அக்கா மட்டையைக் குருவியின் கையில் திணித்தாள். அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. குருவி கால்களை அகட்டி நின்று, பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

உதவி செய்யலாமென்று அக்கா வாயைத் திறந்தாள்.

"கத்தக் கூடாது!" என்றாள் குருவி. பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அது நிற்கும் அந்த நொடிக்காக அண்ணாந்து பார்த்தாள்.