வெட்டிய இடத்தில் நின்றவள்

தேவசேனாவின் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. எடுத்துப் பார்த்தாள். யாரோ அவளுடைய வீடியோவுக்கு லைக் போட்டிருந்தார்கள்.

அந்த வீடியோ இப்போது அவளிடம் இல்லை. அதைப் போட்ட போலிக் கணக்கும் இல்லை. இரண்டையும் போன மாதமே தன் கையால் அழித்துவிட்டாள். இல்லாத கணக்கின் பேரில், இல்லாத வீடியோவுக்கு, சின்னதாக ஒரு சிவப்பு இதயம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தது.

கண் எரிச்சல்தான், புகைதான் என்று சொல்லிக்கொண்டாள்.

பூண்டுக் கொட்டகைக்குள் புகை நிறைந்திருந்தது. தலைக்கு மேலே மூங்கில் கழிகளில் கட்டுக்கட்டாகப் பூண்டு தொங்கியது. கீழே தைலமரக் கட்டைகள் கனன்றன. இந்தக் கணப்பு தீயாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது, அணைந்துவிடவும் கூடாது; ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் முதல் சுமையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு விடிவதற்கு முன்பே கிளம்பியிருந்தார்கள். பொழுது சாயத் தொடங்கியதும் வில்பட்டியின் மேட்டுத் தோட்டங்களிலிருந்து பனிமூட்டமாக மஞ்சு உருண்டு இறங்கி, கேரட் பாத்திகளை மூடி, பக்கத்து வீட்டை மூடி, கொட்டகை வாசலில் வந்து ஆள் மாதிரி நின்றுகொண்டது.

பக்கத்து வீடு லீலாவின் வீடு. தேவசேனா அந்தப் பக்கம் பார்க்காமல் கட்டையைக் கிளறினாள்.

சித்திரையில் நடந்தது அது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் உடுக்கைச் சத்தம் ஏறியதும் லீலாவுக்கு அருள் வந்தது. வருடா வருடம் வருவதுதான். அருள் வந்தவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். கீழே விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொள்வது, சேலை விலகினால் இழுத்து மூடுவது, கடைசியில் நெற்றி நிறையத் திருநீறு பூசி அவளை மறுபடியும் அவளாக ஆக்குவது, எல்லாம் அந்தப் பெண்ணின் பொறுப்பு. பள்ளிக்கூட நாளிலிருந்து லீலாவைப் பிடித்து நின்றவள் தேவசேனாதான்.

இந்த வருடம், பிடிக்க வேண்டிய கையில் போன் இருந்தது.

பெரிய பகை ஒன்றும் இல்லை. நேற்றுவரை பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத் தன்னோடு சண்டை போட்டவள், அன்று ஊரே கும்பிட நின்றாள். அப்பாகூடக் குனிந்து அவள் காலைத் தொட்டார். தேவசேனாவுக்குள் ஏதோ சுருக்கென்றது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வீடியோவைச் சின்னதாக வெட்டினாள். லீலாவின் தலை இடது பக்கம் விருட்டென்று திரும்பும். கூந்தல் அவிழ்ந்து முகத்தில் விழும். நாக்கு வெளியே வரும். வலது கை காற்றில் எதையோ துழாவும். அதோடு வெட்டு. மறுபடியும் தலை திரும்பும். பின்னால் ஒரு குத்துப் பாட்டு. கீழே ‘நடிப்புக்கு அவார்டு குடுங்கப்பா’ என்று ஒரு வரி.

அந்தக் கை துழாவியது தன்னைத்தான் என்பது வெட்டும்போதே அவளுக்குத் தெரியும்.

ஒரே ராத்திரியில் மலை முழுக்கப் பரவியது. பூண்டு விலை பேசுகிற வாட்ஸப் குரூப்பில் அவளுடைய அப்பா பொன்னுவேலே போட்டுவிட்டுச் சிரித்தார். யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் லீலா ஏறினால் பின் சீட்டுப் பையன்கள் ஒன்றாகச் சேர்ந்து தலையை இடது பக்கம் வெட்டுவார்கள். அவள் வேலை பார்த்த சாக்லேட் கடைக்கு வந்த டூரிஸ்டுகள்கூட, “நீங்கதானே அந்தப் பொண்ணு?” என்று செல்பி கேட்டார்கள். கடைக்காரர் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார். லீலா தலை வாருவதை விட்டாள். பிறகு சாப்பாட்டை. பிறகு பேச்சை.

ஒரு நாள் லீலாவின் அம்மா சிவபாக்கியம் மகளின் போனை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏத்தா சேனா, நீ ஓட்டல்ல கம்ப்யூட்டர் பாக்குற புள்ள. இத எவ போட்டான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுத்தா. என்னென்னமோ எழுதி அனுப்புறானுக. எம்மக படிச்சுப் படிச்சுச் சாகுறா.”

தேவசேனா வேலை பார்க்கும் ஓட்டலுக்குப் போலீஸ்காரம்மா ஒருவர் வந்து ஆன்லைன் தொல்லை பற்றி வகுப்பு எடுத்திருந்தார். வருவது எதையும் அழிக்காதீர்கள், அப்படியே படம் பிடித்து வையுங்கள், பதில் போடாதீர்கள், சைபர் கிரைம் எண் 1930க்கு போன் அடியுங்கள், முக்கியமாகப் பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தனியாக விடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். தேவசேனாவுக்கு எல்லாம் மனப்பாடம்.

“எல்லாத்தையும் அழிச்சிருங்கத்தை. போலீஸு கீலீஸுன்னு போனா அவளுக்குத்தான் அசிங்கம். கொஞ்ச நாள் யார்கிட்டயும் பேச விடாதீங்க. தன்னால அடங்கிரும்” என்றாள்.

சிவபாக்கியம் நம்பினாள். போனிலிருந்த அத்தனையையும் தேவசேனாவே அழித்துக்கொடுத்தாள். போகும்போது சிவபாக்கியம் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அந்த விரல்களின் சொரசொரப்பு இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

போன் அடித்தது. அப்பா.

“ஏத்தா, கொடைக்கானல் வந்தாச்சு. டீயக் குடிச்சிட்டு இறங்குறோம். கணப்ப அணைய விட்றாத.”

“மஞ்சா கெடக்குப்பா. மெதுவா வாங்க.”

“உங்கம்மா ஒவ்வொரு வளைவுக்கும் முருகனக் கூப்பிடுறா. அவரே வந்து ஸ்டியரிங்கப் புடிச்சாத்தான் ஓய்வா போல” என்று சிரித்தார். பிறகு, “நம்ம லீலா வீடியோ எவனோ திரும்ப அனுப்பியிருக்கான். டீக்கடையில அத்தன பேரும் பாத்துக்கிட்டு இருக்கானுக” என்றார்.

“யாருப்பா அனுப்புனா?”

“பேரே வரலத்தா.”

லைன் அறுந்தது. அறுவதற்கு முன்னால் அந்தக் குத்துப் பாட்டு கேட்டது.

புகை வாசல் பக்கம் ஒதுங்கியது. அங்கே சிவபாக்கியம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“வெரசா வாத்தா. லீலா என்னமோ மாதிரி பண்றா.”

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பூண்டுப் பாத்திதான். தேவசேனா முன்னால் போகும் முந்தானையை மட்டும் பார்த்து நடந்தாள். ஈர மண் வாசனை. நனைந்த இலை வாசனை. அதற்குள் கொஞ்சம்கூடச் சேராமல், கூட்ட நெரிசலில் கசங்கிய வேப்பிலை வாசனை. சித்திரை வாசனை. இது ஐப்பசி.

வீட்டுக்குள் வோல்டேஜ் இல்லாத பல்பு மஞ்சளாக அழுதது. உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து வளையல் சத்தம் வந்தது. சலக். பிறகு துணி உரசும் சத்தம். பிறகு ஒரு மூச்சு, பாதியில் நின்ற மூச்சு. மறுபடியும் சலக். துணி. பாதி மூச்சு. ஒரே அளவு. ஒரே இடைவெளி.

தேவசேனா கதவைத் தள்ளினாள்.

லீலா அறை நடுவில் நின்றிருந்தாள். தலை இடது பக்கம் விருட்டென்று திரும்பியது. கூந்தல் முகத்தில் விழுந்தது. நாக்கு வெளியே வந்தது. வலது கை காற்றில் துழாவியது.

அந்தக் கை கீழே இறங்கவில்லை. இறங்க வேண்டிய நேரத்தில், அது ஏற்கெனவே இடுப்போரம் இருந்தது. கூந்தல் முடிந்தபடி இருந்தது. தலை நேராக இருந்தது. நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை.

மறுபடியும் தலை திரும்பியது.

தேவசேனா வெட்டிய அதே இடம். மயிரிழை பிசகவில்லை.

“மத்தியானத்துலருந்து இப்படித்தாந்தா” என்றாள் சிவபாக்கியம். குரலில் அழுகை வற்றியிருந்தது. “திருநீறு பூசிப் பாத்துட்டேன். நெத்தியில நிக்க மாட்டேங்குது. பூசுனா இல்ல. பூசுனா இல்ல.”

தேவசேனா லீலாவின் கண்களைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. உடம்பு முழுக்கத் திரும்பத் திரும்ப அதையே செய்தது. கண்கள் மட்டும் செய்யவில்லை. அவை கூந்தலுக்குள்ளிருந்து நிலையாக, விழிப்பாக, தேவசேனாவையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து நீர் வழிந்தது. கன்னத்தின் பாதி வரை வந்த நீர், ஒவ்வொரு வெட்டுக்கும் இல்லாமல் போனது.

“இத எடுத்தவ எவளோ, அவ வந்து நாந்தான்னு சொல்லிக் கையப் புடிச்சா எம்மவ திரும்பிருவாத்தா. எனக்கு மனசுல படுது. யாருன்னு சொல்லு. உனக்குத் தெரியும்.”

“எனக்கு எப்படி அத்தை…”

“உனக்குத் தெரியும்.”

மூன்றடி தூரத்தில் அந்தக் கை துழாவியது. நீட்டினால் தொட்டுவிடலாம். ஒரு சொல். நான்தான். ஆனால் நாளைக்கு? பஸ்ஸில்? ஓட்டலில்? அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

“அப்பா வந்துரட்டும் அத்தை” என்றாள். “அப்பா வந்ததும் சொல்றேன். எல்லாம் சொல்றேன்.”

சிவபாக்கியம் அவளையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“ஏத்தா, அப்ப நீ…”

அவள் தலை இடது பக்கம் விருட்டென்று திரும்பியது.

“ஏத்தா, அப்ப நீ…”

திரும்பியது.

“ஏத்தா, அப்ப நீ…”

தேவசேனா வெளியே ஓடினாள். முற்றத்தில் வழுக்கி விழுந்து எழுந்தாள். மஞ்சு கொஞ்சம் விலகியிருந்தது. சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். ஜன்னல்களில் வெளிச்சம். வெளிச்சத்தில் ஆட்கள். அடுப்படியில் நின்றவள், டிவி முன்னால் உட்கார்ந்தவன், வாசலில் பீடி பிடித்தவர். அத்தனை தலையும் இடது பக்கம் திரும்பியது. ஒன்றாக. நேரானது. திரும்பியது.

பார்த்தவர்கள். சிரித்தவர்கள். அனுப்பியவர்கள்.

அவள் கழுத்து மட்டும் அசையவில்லை.

அப்பா.

எண்ணை அழுத்தினாள். எடுத்தார்.

“அப்பா! வண்டிய நிப்பாட்டுங்க! எங்க இருக்கீங்களோ அங்கேயே…”

“வந்துட்டோந்தா, கடைசி வளை…”

“அப்பா!”

“வந்துட்டோந்தா, கடைசி வளை…”

பின்னால் அம்மாவின் குரல். “என்னங்க, ரோட்டப் பாருங்க! என்னங்க!”

கொடைக்கானலிலிருந்து இறங்கும் ரோட்டில், ஊருக்கு மேலே, கடைசி வளைவுக்கு முன்னால் இரண்டு விளக்குகள் தெரிந்தன. அந்த வளைவில் வலது பக்கம் ஒடிக்க வேண்டும். இடது பக்கம் ஒன்றும் இல்லை. மஞ்சுதான்.

தேவசேனா திரும்ப வீட்டுக்குள் பாய்ந்தாள். துழாவும் கையை எட்டிப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

“நாந்தாண்டி! நாந்தான் எடுத்தேன்! நாந்தான் போட்டேன்! விட்ருடி!”

பிடித்த கையில் கை இல்லை. அது இடுப்போரம் இருந்தது. மறுபடி துழாவ வந்தது. மறுபடி பிடித்தாள். மறுபடி கத்தினாள். தன் குரல் சுவரில் பட்டுத் தெறிப்பதற்குள் சொன்ன சொல் அழிந்துபோவதைக் கேட்டாள். யாரோ வெட்டி எறிவது போல.

லீலாவின் கண்கள் அவளை விட்டு நகர்ந்தன. முதல் தடவையாக. ஜன்னல் பக்கம்.

தேவசேனாவும் பார்த்தாள்.

விளக்குகள் இரண்டும் இடது பக்கம் விருட்டென்று திரும்பின. ரோடு இல்லாத இடத்தில் ஒரு கணம் மிதந்தன. சரிந்தன. மரம் முறியும் சத்தம். அம்மாவின் அலறல், பாதி வரை.

பிறகு அமைதி இல்லை.

மேலே, வளைவுக்கு முன்னால், அதே இரண்டு விளக்குகள் வந்துகொண்டிருந்தன. கையிலிருந்த போனில் அப்பா சந்தோஷமாகச் சொன்னார்.

“வந்துட்டோந்தா, கடைசி வளை…”

இடது பக்கம் திரும்பின. மிதந்தன. சரிந்தன. பாதி அலறல்.

மறுபடியும் வந்தன.