மருந்து ஜன்னலில் விழுந்த பழி

செவ்வாய்க்கிழமை காலை, முதல் படகிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஓநேவாய்த் தீவைச் சேர்ந்த ஐந்து வயதுப் பெனி. உடம்பெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் பதிலில்லை. டாக்டர் விலியாமி விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை அதலபாதாளத்தில் கிடந்தது.

குளுக்கோஸ் ஏற்றியதும் பிள்ளையின் உயிர் தங்கியது. ஆனால் கண் திறக்கவில்லை.

சார்ஜண்ட் கலோலோ வந்தபோது டாக்டரின் மேசைமேல் ஒரு மருந்துப் போத்தல் நின்றது. காதுவலிக்குக் கொடுத்த இளஞ்சிவப்பு மருந்து. அதில் ஒட்டியிருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சீட்டு: பிள்ளையின் பெயர், மருந்தின் பெயர், வேளைக்கு ஒரு கரண்டி. போத்தலைச் சாய்த்தால் அடியில் சரியாகப் பொடியாத மாத்திரைத் துணுக்குகள் தெரிந்தன.

"சர்க்கரை நோய் மாத்திரை. யாரோ அரைச்சுப் போட்டிருக்காங்க," என்றார் டாக்டர். "யாரோ என்ன, மருந்தைக் குடுத்தவங்கதான். மருந்து ஜன்னல்ல இருக்குற லூசியானேவை இன்னைக்கே வேலையிலிருந்து நிறுத்தறேன். தலைநகர்லருந்து வேற ஆள் வர்ற வரைக்கும் மட்டும் ஜன்னல்ல இருக்கட்டும். அப்புறம் உங்க பாடு."

டாக்டர் இந்தத் தீவுக்கு வந்து ஆறு மாதம்தான். மருந்தறைப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை. பெரிய இடத்துப் படிப்பு, சின்ன இடத்துக் கோபம்.

பிள்ளையின் தாய் ஓஃபா வெளியே பாயில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"மருந்து எப்படிம்மா உன் கைக்கு வந்துச்சு?"

"எங்க தீவு நர்ஸம்மா வயர்லெஸ்ல ஆஸ்பத்திரிக்கு மருந்து கேட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. மைக்கோலோ அண்ணன் படகுல கொண்டாந்து குடுத்தாரு. காகிதப் பைல ஒரே ஒரு போத்தல். ராத்திரி ஒரு கரண்டி, விடியக்காலைல ஒரு கரண்டி ஊத்தினேன். எங்கையாலயே ஊத்தினேனே, ஐயா."

மைக்கோலோவைக் கலோலோவுக்கு நன்றாகத் தெரியும். அவன் கலோலோவின் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இப்போது ஓநேவாய்க்குப் படகு ஓட்டுகிறான், முன்பு இதே மருத்துவமனையில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவன். உல்லாசப் படகுகளில் வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி மருந்தை விற்றான். லூசியானே கையும் களவுமாகப் பிடித்தாள், வேலை போயிற்று. அதற்கடுத்த மாதம் அவளுடைய அப்பா இறந்தார். அடக்கத்து விருந்துக்குக் கட்டியிருந்த பன்றிகள் அத்தனையும் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. வந்த சனத்துக்கு டின் மீனைப் போட்டு அனுப்பினாள் அவள். யார் செய்தது என்று ஊருக்கே தெரியும். சாட்சிதான் இல்லை.

மருந்து ஜன்னலில் லூசியானே ஒரு கிழவருக்காக மருந்துப் பொடியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தாள். மூடியைத் திருகி, குலுக்கி, வெள்ளைச் சீட்டின் கீழே ஒரு நீலச் சீட்டை ஒட்டினாள்.

"பேத்திக்குத்தானே தாத்தா? வீட்டுல ஃபிரிட்ஜ் ஓடுதா? இதைக் கலக்கிட்டா வெளிய வெக்கக் கூடாது, கெட்டுப்போயிடும்."

கிழவர் போனதும் கலோலோ கேட்டார்: "ஓநேவாய்க்குப் போன மருந்து நீங்க குடுத்ததுதானே?"

"நான்தான். என் கையாலதான். பையைப் பின் அடிச்சு மூடிக் குடுத்தேன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"இப்ப சொல்ல மாட்டேன்." நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் பயமில்லை, பசி இருந்தது. "மைக்கோலோவைக் கூப்பிடுங்க. டாக்டர் எதிர்ல, பைபிள் மேல கை வெச்சு அவன் முதல்ல சொல்லட்டும். நான் வாயைத் திறந்தா அதுக்குத் தக்கபடி அவன் பேசுவான்."

"உங்க வேலை போகப் போகுது. ஜெயிலும் வரலாம்."

"பிள்ளை செத்திருந்தா நானே வந்து ஜெயில்ல உக்காந்திருப்பேன். கூப்பிடுங்க."

மைக்கோலோ டாக்டரின் அறைக்குச் சிரித்த முகமாக வந்தான். லூசியானேவும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். தேநீர் கொடுத்தார்கள். "எனக்குச் சர்க்கரை வேணாம்," என்று கோப்பையை மாற்றி வாங்கிக்கொண்டான். பைபிள் மேல் கை வைத்தான்.

"பையைத் திறந்தியா?" என்று கேட்டார் கலோலோ.

"பின் அடிச்ச பை கடல் காத்துல கிழிஞ்சிருச்சு மச்சான். போத்தலைப் பார்த்தேன், வேற பைல போட்டேன். அவ்வளவுதான்."

"மருந்து எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? தண்ணியாதான், இளஞ்சிவப்பா. கலக்காம ஜன்னலை விட்டு ஒரு போத்தல் வெளிய போகுமா? நான் அங்க வேலை பார்த்தவன், எனக்குத் தெரியாதா?"

"பைல வேற ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. ஆண்டவன் மேல ஆணை."

லூசியானே எழுந்தாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. கலோலோவுக்கு அதுதான் அச்சமாக இருந்தது.

"டாக்டர், ஓநேவாய்ல ஃபிரிட்ஜ் கிடையாது. கலக்கின மருந்து படகு வெயில்லயே பாழாயிடும். அதனால போன வருஷத்துலருந்து வெளித்தீவுக்கெல்லாம் பொடியாவே அனுப்பறேன், காய்ச்சின தண்ணி ஒரு சின்ன போத்தல்ல தனியா. இவன் போனதுக்கப்புறம் வந்த முறை. இவனுக்குத் தெரியாது."

டாக்டர் போத்தலை எடுத்தார். "நீங்க மறந்து கலக்கியிருக்கலாமே?"

"கலக்கினா நீலச் சீட்டு ஒட்டுவேன். அதுல எங்க இருக்கு?"

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் டாக்டர். வெள்ளைச் சீட்டு மட்டுமே இருந்தது. கலோலோ தம்மையே நொந்துகொண்டார். சற்றுமுன் ஜன்னலில் கண்ணெதிரே அவள் ஒட்டியதைப் பார்த்துக்கொண்டுதானே நின்றார்?

"சீட்டு ஒட்ட மறந்திருப்பா," என்றான் மைக்கோலோ. சிரிப்பு மட்டும் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது.

"இருக்கலாம். சார்ஜண்ட், இவன் படகுல ஒரு சின்ன பிளாஸ்டிக் போத்தல் இருக்கும். மூடியைச் சுத்தி சிவப்பு நகப்பூச்சு. வெறும் தண்ணினு யாரும் குடிச்சிடக் கூடாதுன்னு நான் பூசறது. நம்ம ஊர்ல நல்ல போத்தலை எவன் கடல்ல எறிவான்?"

யாரும் எறிய மாட்டார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில், எண்ணெய் நிரப்பி, சிவப்பு வளையம் பூசிய மூடியோடு அது கிடைத்தது.

கலோலோ அதை மேசைமேல் வைத்தார். "பைல வேற ஒண்ணுமில்லன்னு ஆணையிட்டியே. பொடியும் தண்ணியும் தனித்தனியா இருந்ததைப் பார்த்ததும் ஜன்னல்ல கலக்க மறந்துட்டாங்கன்னு நினைச்ச. அப்படியே போனா தீவுல கலக்கறவங்க மேலதான் பழி விழும், ஜன்னல் மேல விழாது. அதனால நீயே கலக்கின. மாத்திரைக்கு எங்கயும் அலைய வேண்டாம், தேநீர்ல கூட சர்க்கரை சேர்க்காத சர்க்கரை நோய்க்காரன் நீ. அரைச்சு ஊத்தினதும் நீதான்."

மைக்கோலோ பைபிளைத் தன் முன்னாலிருந்து தள்ளி வைத்தான். பிறகு, "பையன் கொஞ்சம் மயங்குவான்னுதான் நினைச்சேன்," என்றான். "என் பொழப்பைக் கெடுத்தவ. அவ ஜன்னலை மூடணும்னு நினைச்சேன்."

லூசியானே அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"என் பன்னிங்க செத்ததுக்கு மறுமாசமும் நீ ஜன்னலுக்கு வந்த. சர்க்கரை மாத்திரைக்குக் கை நீட்டின. ரெண்டு வருஷமா என் கையால வாங்கித் தின்ன. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் மனசு வெச்சிருந்தா நீ இருப்பியாடா? உன்னை இந்த நாற்காலியில பார்க்கணும்னு எத்தனை நாள் பல்லைக் கடிச்சேன் தெரியுமா? ஆனா மருந்துல கை வெக்கலை. அது என் வேலை."

மறுநாள் பெனி கண் திறந்தான். பசிக்கிறது என்றான்.

அன்றே மைக்கோலோவின் சொந்தம் மொத்தமும் இடுப்பில் கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் மன்னிப்புக் கேட்க அணியும் இஃபி இலை மாலையோடு வந்து மருந்து ஜன்னலுக்கு எதிரே தலைகுனிந்து உட்கார்ந்தது. கலோலோவின் மனைவியும் அதில் இருந்தாள். அப்படி வந்து உட்கார்ந்தவர்களை எழுப்பி, மாலையைக் கழற்றி, மன்னித்தேன் என்று சொல்வதுதான் வழக்கம். சொல்லாமல் போனவர்களை ஊர் மன்னிக்காது.

கலோலோ ஜன்னலருகே போனார். "வந்துட்டாங்க லூசியானே. பெரியவங்க வெயில்ல உக்காந்திருக்காங்க."

"அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட போகச் சொல்லுங்க."

"அங்க போயிட்டுத்தான் வர்றாங்க. அவ மாலையைக் கழட்டிட்டா. உங்களுக்குன்னு வேற மாலை போட்டு வந்திருக்காங்க, நீங்கதான் பாக்கி."

லூசியானே வெளியே வந்தாள். ஒரு குடம் தண்ணீரும் குவளையும் கையில். ஒவ்வொருவருக்கும் தானே ஊற்றிக் கொடுத்தாள். மைக்கோலோவின் தாய் குடிக்கும்வரை குவளையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாகத்துக்குத் தண்ணி குடுப்பேன். காய்ச்சல்னு வந்தா மருந்து குடுப்பேன்," என்றாள். "மன்னிப்பு கிடையாது. என்கிட்ட அது இல்லை. நாளைக்கு வந்தாலும் இருக்காது."

உள்ளே போய் ஜன்னலைத் திறந்து வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஒரு மாலைகூடக் கழற்றப்படவில்லை. கலோலோ தம் மனைவியின் அருகே போய் வெயிலில் உட்கார்ந்தார்.