பரணியின் சொந்த வசனம்

“ரெஜினா, நான் உன்னை ஙொய்ங்ங்ங்...”

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் தொண்டையிலிருந்தும் அவ்வப்போது வருகிற சத்தம்தான். தொண்டைக்குழியில் மிளகளவுக்கு ஒட்டியிருக்கும் வசனக்காவலி, பேசப்படும் சொற்களைத் திரைவசனப் பதிவகத்தோடு ஒப்பிடும். ஏதாவது படத்துக்குச் சொந்தமென்றால் எதிர் அலையை அனுப்பிக் குரலை அழித்துவிடும். கைபேசியில் எழுதினாலும் அதே கதிதான். காதல், பாசம், சவால் மூன்றும் சட்டம் வந்த முதல் வாரமே தீர்ந்துவிட்டன. ‘சாப்பிட்டியா?’ ஒரு தாய்ப்பாசப் படத்துக்குப் போய்விட்டதால், அம்மாக்கள் இப்போது ‘உணவு உட்கொண்டாயா?’ என்று கேட்கிறார்கள்.

ஓசூர் பேருந்து உறுமியது. வேலையில் சேரப் போகும் ரெஜினா ஜன்னலோரம் இருந்தாள். அவளோடு ஒரே வகுப்பில் படித்த பரணி, கீழே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். கல்லூரி முழுக்கச் சொல்லாததை இப்போது சொல்லியாக வேண்டும்.

“நீ இல்லாம எனக்கு ஙொய்ங்ங்...”

“அது வாராவாரம் ஒரு படத்துல வருதுடா.”

“பின்ன என்னதான் சொல்றது?”

“என்னைக் கேக்குற? உங்க ஹீரோவுக்காக ‘அண்ணன் வசனம் அண்ணனுக்கே’ன்னு சட்டம் கேட்டு ஊர்வலம் போனீங்களே, முன்னாடி கொடி புடிச்சது யாரு?”

“எதிர் ரசிகர் பசங்க எங்க அண்ணன் பஞ்ச் டயலாக்கை டீக்கடையில வச்சுப் பேசுனானுங்க. சும்மா விடச் சொல்றியா?”

“நல்லாப் புடிச்ச போ கொடி.”

நடத்துநர் விசிலடித்தார். பேருந்து நகர்ந்தது. பரணி கூடவே ஓடினான். ஓடுகிற அவசரத்தில் யோசிக்க நேரமில்லை; உள்ளதைக் கத்தினான்.

“நீ ஊருக்குப் போறேன்னு சொன்னதுலேருந்து எனக்கு வயித்தால போகுது! மாத்திரை போட்டும் நிக்கல! நீ போயிட்டா நிக்கவே நிக்காது போல!”

ஙொய்ங் வரவில்லை. வந்தது ஓட்டுநரின் ஹாரன்.

ரெஜினா தலையை வெளியே நீட்டினாள். “ஹாரன்ல ஒண்ணுமே கேக்கல! திரும்பச் சொல்லுடா!”

பரணியின் தொண்டை அதிர்ந்தது. ஒரு பெண்குரல் அவன் காதுக்கு மட்டும் இனிமையாகப் பேசியது: “வாழ்த்துகள்! இதுவரை யாரும் சொல்லாத வசனம். பயனர் ஒப்பந்தப்படி, அண்ணன் கலைக்கூடத்துக்குப் பதிவு செய்யப்பட்டது.”

“ஙொய்ங்ங்ங்!” என்றான் பரணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும், “ஙொய்ங்ங்ங்ங்!”

பேருந்து வளைவில் திரும்பிவிட்டது.

பொங்கலுக்கு அண்ணன் படம் வந்தது. உச்சக்காட்சியில் அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கதாநாயகியைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி அதைச் சொன்னார். மாத்திரை வரும் இடத்தில் அரங்கமே எழுந்து நின்றது. அழுதவர்களும் உண்டு. பரணி உட்கார்ந்தே இருந்தான்.

ஓசூரில் அதே படத்துக்குப் போயிருந்த ரெஜினாவிடமிருந்து, படம் விட்டதும் செய்தி வந்தது.

“அண்ணன் சொன்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுடா. அன்னைக்கு நீ இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பஸ்ஸ விட்டு இறங்கியிருப்பேன்.”