முப்பத்தெட்டுப் பேர் பார்த்த வெளிச்சம்

புதன்கிழமை, போகி. காலை 6:12.

பொழிச்சலூரில் அந்தத் தெரு முழுக்க வாசலில் நின்றது. பழைய பாய், பஞ்சு பிதுங்கின தலையணை, தேய்ந்த துடைப்பம், எவனோ ஒரு மடையன் போட்ட ஸ்கூட்டர் டயர் என்று வீட்டுக்கு வீடு எரிந்தது. புகை மேலே போகவில்லை. பனி அதை அமுக்கிப் பிடித்திருந்தது. எதிர்வீட்டுக்காரன் முகம் தெரியவில்லை.

அப்போதுதான் மேற்கே, புகைக்குள், அந்த வெளிச்சம் வந்தது. தேங்காய் அளவு இருக்கும். சுற்றிலும் மஞ்சளாக ஒரு வளையம். நகராமல் மூன்று நிமிஷம் அப்படியே தொங்கியது. பிறகு பெருத்தது, இரண்டாகப் பிரிந்தது, ஊதி அணைத்த மாதிரி இல்லாமல் போனது.

தண்ணி கேன் போடுகிற மோகன்ராஜ் அதைப் போனில் பிடித்து, மேலே ஒரு சினிமாப் பாட்டை ஏற்றி, பறக்கும் தட்டு என்று போட்டுவிட்டான். பத்து மணிக்குள் ஊர் உலகம் எல்லாம் பார்த்தது.

மதியம் 2:30. போலீஸ் வந்தது. ஆனால் தட்டைத் தேடி வரவில்லை. பர்வேஸைக் கூட்டிப் போக வந்தது.

பர்வேஸ் விசேஷங்களுக்கு வீடியோ எடுக்கிறவன். டிரோன் வைத்திருந்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அதைப் பறக்கவிட்டால் சும்மா விடமாட்டார்கள். அன்று காலை அவன் மொட்டைமாடியில் டிரோன் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். மறைமலை நகரில் ஒரு கம்பெனியின் பொங்கல் விழாவுக்காகத் துடைத்துக்கொண்டிருந்தேன், பறக்கவிடவே இல்லை என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏர்போர்ட், டிரோன், பர்வேஸ் என்று ஒரு பேர். மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

நாலு மணிக்கு அவன் அம்மா பரிதா, மறைமலை நகரில் இருக்கிற அரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள். செத்துப்போன அவள் புருஷன் முனீருக்குக் கூட்டாளி. ரிட்டையர்டு ஏட்டு. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் சர்வீஸில் இருந்தபோது, முடிச்சு அவிழாத கேஸ் என்றால் பெரிய ஆபீசர்களே கூப்பிட்டுக் கேட்ட ஆள்.

அரிகிருஷ்ணன் உடனே கிளம்பவில்லை. பையன் விட்டிருப்பான் என்றுதான் நினைத்தார். முப்பத்திநாலு வருஷ சர்வீஸில் என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லாத தாயை அவர் பார்த்ததில்லை. பண்டிகை முடியட்டும், வருகிறேன் என்றார். வியாழன் பொங்கல். வெள்ளி மாட்டுப் பொங்கல். இரண்டு நாளும் வீட்டோடு இருந்து வயிறாரச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை. காலை 10:15.

பரிதா நாற்காலியை இழுத்துப் போட்டாள். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நிக்காஹ்ண்ணா. குரோம்பேட்டை பொண்ணு, சோயா. பத்திரிகை எல்லாம் கொடுத்தாச்சு. புதன்கிழமையிலேர்ந்து பொண்ணு வூட்ல..."

நிறுத்தினாள். கூரைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அரிகிருஷ்ணன் தோளைக் குறுக்கிக்கொண்டு மேலே பார்த்தார்.

"...போனை எடுக்கவே மாட்டேங்கறாங்க. சோயா மட்டும் ஒரு வார்த்தை அனுப்பிச்சா. சீக்கிரம் வெளிய வரச் சொல்லுங்க, இங்க வேற பேச்சு நடக்குதுன்னு."

துக்கம் தொண்டையை அடைத்திருக்கும், பாவம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்று காலை ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரித்தார். ஒரு சத்தமும் இல்லை, அதைத்தான் எல்லாரும் ஆச்சரியமாகப் பேசுகிறார்கள் என்றாள். டிரோனைக் கேட்டார். போலீஸ் எடுத்துப் போய்விட்டது. தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். அவருக்கு இன்னமும் பையன் மேல்தான் சந்தேகம்.

காலை 11:00.

மோகன்ராஜ் தண்ணி கேன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். ஒரே வீடியோவில் பெரிய ஆள் ஆகிவிட்ட மிதப்பு.

"டிரோனும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். அது தட்டுதான். அந்தப் புள்ள பாவம். நான் என் கண்ணால..." வாய் பாதி திறந்தபடி நின்றது. தெருவின் மேல் ஒரு நிழல் ஓடி மறைந்தது. காது அடைத்தது. "...பார்த்தேன் சார்."

அரிகிருஷ்ணன் அவனையே பார்த்தார்.

"ஏன் நிறுத்துன?"

"இன்னாத்த?"

"பேச்சை. நடுவுல நிறுத்துனியே."

"நான் எங்க சார் நிறுத்துனேன்?"

"இப்ப ஒரு பிளேன் போச்சே."

"எப்போ?" என்றான் மோகன்ராஜ். அவன் விளையாடவில்லை. அப்படி நடிக்கத் தெரிந்த மூஞ்சி இல்லை அது.

அரிகிருஷ்ணன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சோடா வாங்கிக் குடித்தார். போகி அன்று அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் யாருக்காவது போன் போட்டாயா என்று கேட்டார். பம்மலில் இருக்கிற மச்சானுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியதாகச் சொன்னான். அதை அழிக்காதே, நான் சொல்கிறவரை யாருக்கும் போட்டுக் காட்டாதே என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

காலை 11:40.

கடைசி வீடு அச்சுதனுடையது. ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில், இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு எட்டு மாதம் முன்னால் திரும்பியவர். வானத்தில் விநோதமாக எதையாவது பார்த்தோம் என்று அங்கே யாராவது புகார் கொடுத்தால், நேரில் போய் விசாரிக்கிற ஒரு சங்கத்தில் இருந்தவர். அதே சங்கத்துப் படிவத்தைத் தமிழில் எழுதி, தெருவில் முப்பத்தேழு பேரிடம் நிரப்பி வாங்கி, தன்னுடையதையும் சேர்த்து முப்பத்தெட்டாகப் போலீஸில் கொடுத்திருந்தார்.

ஜன்னலுக்கெல்லாம் இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தார். காதிலிருந்து இரண்டு பஞ்சுருண்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். வீட்டுக்குள் மட்டும்தான் இந்தப் பஞ்சு, வெளியே போனால் வண்டி வருவது தெரியாது என்று சிரித்தார்.

"பிளேன் சத்தம் தாங்க முடியலை சார். இங்கே இருக்கறவங்க எப்படிக் குடித்தனம் பண்றாங்கன்னே புரியலை."

படிவ நகல்களைப் பெருமையாகக் காட்டினார். முப்பத்தெட்டிலும் ஒன்பதாவது கேள்வி: சத்தம் ஏதும் கேட்டதா? முப்பத்தெட்டிலும் பதில்: இல்லை. சத்தம் இல்லாததால் அது விமானம் இல்லை, அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததால் டிரோனும் இல்லை என்றார். போலீஸ் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது, நான் என்ன செய்ய என்று வருத்தப்பட்டார். போலீஸ் கேட்டு விமான நிலையம் கொடுத்த பட்டியலின் நகலும் அவரிடம் இருந்தது. புகை காரணமாக அன்று காலை 5:50-லிருந்து 7:20 வரை ஒரு விமானமும் தரையிறங்கவில்லை.

அரிகிருஷ்ணன் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கிற ஆள். அதனால் ஒரு வரியையும் தாண்டமாட்டார். அச்சுதன் தன் கையால் நிரப்பிய முதல் படிவத்தை இரண்டு தடவை படித்தார். நின்ற இடம், வீட்டு வாசல். நேரம், 6:12. குறிப்பு: பக்கத்துத் தெருவில் குழந்தைகள் போகி மேளம் அடிப்பது கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்து, விமான நிலையத்தில் பெட்டி இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருக்கும் டேனியலுக்குப் போன் போட்டார். போகி அன்று காலை எது இறங்கியது என்று கேட்கவில்லை. எது வந்துவிட்டு இறங்காமல் போனது என்று கேட்டார்.

மதியம் 3:00. போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர், மோகன்ராஜ், அச்சுதன் மூவரையும் உட்காரவைத்தார் அரிகிருஷ்ணன். தான் நின்றார். பழைய பழக்கம்.

"அந்த மெசேஜைப் போடுப்பா."

மோகன்ராஜ் போனை மேஜைமேல் வைத்தான். அவன் குரல்தான். மச்சான், வெளிய வா மச்சான், மேற்கால பாரு, வெளிச்சம் ஒண்ணு தொங்கிகினு கீது, ரெண்டா... அங்கே குரல் அறுந்தது. அடியிலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பி, போன் அதிர்கிற அளவுக்கு ஏறி, தேய்ந்து போனது. ஆறு விநாடி. பிறகு குரல் விட்ட இடத்திலேயே தொடர்ந்தது. ...பிரிஞ்சிட்ச்சு மச்சான்.

மோகன்ராஜ் போனை முறைத்தான். "இது எங்கேர்ந்து சார் வந்துச்சு? சத்தியமா எனக்குக் கேக்கலை."

அவன் பொய் சொல்லவில்லை என்றார் அரிகிருஷ்ணன். அந்தத் தெருக்காரர்களுக்குப் பிறந்ததிலிருந்து தலைக்குமேல் விமானம் போகிறது. போகும்போது வாய் தானாக நிற்கும், போனதும் தானாகப் பேசும். நின்றதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கணக்கில் அது சத்தமே இல்லை. தை பிறக்கிற சமயத்தில் கிழக்கேயிருந்து வீசும் கீழ்க்காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அதாவது மேற்கிலிருந்து, பொழிச்சலூருக்கு மேலாக. நேரே நம்மைப் பார்த்து வருகிற விமானத்தின் விளக்கு தூரத்தில் நகராத மாதிரி ஒன்றாகத் தெரியும். கிட்டே வந்தால் இரண்டாகும். அன்று காலை 6:12-க்கு வந்த விமானம் புகையில் தரை தெரியாமல் திரும்ப மேலே ஏறிவிட்டது. மூக்கைத் தூக்கினதும் விளக்கு மறைந்தது, புகை மற்றதை மூடிவிட்டது. அது பெங்களூரில் போய் இறங்கியது. டேனியலின் ஆட்கள் அந்த விமானத்துக்காகச் சாயங்காலம்வரை காத்துக்கிடந்தார்கள். நீங்கள் இறங்கிய விமானத்தின் பட்டியலைத்தானே கேட்டீர்கள், அதில் எப்படி இருக்கும் என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"முப்பத்தேழு பேருக்கு நிஜமாவே கேக்கலை," என்றார் அரிகிருஷ்ணன். "ஒருத்தருக்குக் கேட்டுச்சு. எட்டு மாசமா காதுல பஞ்சு வெச்சிகினு இருக்கறவர். அன்னிக்கு வாசல்ல நின்னாரு. பக்கத்துத் தெரு மேளம் கேட்டுச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. மேளம் கேட்ட காதுக்கு, தலைக்கு மேல போன பிளேன் கேக்கலையா, அச்சுதன் சார்?"

அச்சுதன் குரல் கரகரத்தது.

"கேட்டுது."

அவராகச் சொல்லிக்கொண்டே போனார். அடிலெய்டிலிருந்து சனி ஞாயிறுகளில் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு ஆட்டுப் பண்ணைகளுக்குப் போனது. நூற்றுப் பதினேழு புகார். ஒன்று விடாமல் எல்லாம் வெள்ளி கிரகம், காற்று அளக்கிற பலூன், தூரத்து ரோட்டில் மேடேறி வருகிற லாரி.

"ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரர் செத்த மறுநாள் ஒரு வெளிச்சம் பார்த்தாங்களாம். அது லாரிம்மான்னு நான்தான் போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாம என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாங்க. ஒண்ணே ஒண்ணாவது நிஜமா இருக்கணும்னு அன்னிக்கே தோணிடுச்சு. இந்தப் பட்டியல்ல விமானம் இல்லைன்னதும், அப்ப நான் கேட்டதும் இல்லைன்னு எழுதிட்டேன். அந்தப் பையன் மேல போய் விழும்னு நினைக்கலை."

"புதன்கிழமை மத்தியானமே விழுந்துடுச்சே," என்றார் அரிகிருஷ்ணன்.

"ஆமா. தினமும் வந்து சொல்லணும்னு கிளம்புவேன். செருப்பு மாட்டுவேன். அப்புறம் கழட்டி வெச்சிடுவேன்."

அச்சுதனைத் திட்ட வேண்டும் என்று அரிகிருஷ்ணனுக்கு நாக்கு வரை வந்தது. திட்டவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டில் சொல்லி பையனை விட்டுவிடுகிறோம் என்றார் இன்ஸ்பெக்டர். இப்போதே எழுதிக் கொடுங்கள் என்று அரிகிருஷ்ணன் பிடிவாதமாக நின்று, டிரோன் பறக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மாலை 5:20. குரோம்பேட்டை.

சோயாவின் அப்பா வாஜித் கடையில் தனியாக இருந்தார். அந்தத் தாளை முழுக்கப் படித்தார். மடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

நேற்று ஜும்மா முடிந்து சோயாவுக்கு வேறு இடம் பேசி முடித்துவிட்டோம் என்றார். மாப்பிள்ளை, அவர் அக்கா பையன். அதே மண்டபம், அதே தேதி.

"பையன் செஞ்சிருக்க மாட்டான்னு எனக்கும் தோணுச்சு சார். எங்க ஆளுங்க விடலை. அவனுக்காகப் பேச ஒருத்தராவது வந்தா, அதை வெச்சு நான் வாதாடலாம்னு இருந்தேன். வியாழக்கிழமை முழுக்கக் கடையைத் தொறக்காம வாசல்லயே உக்காந்திருந்தேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்புற வரைக்கும் பார்த்தேன். யாருமே வரலையே."

இப்போதாவது மாற்ற முடியாதா என்று அரிகிருஷ்ணன் கேட்டார். கொடுத்த வார்த்தையை ஒரு தடவை மாற்றினதே போதும் என்று வாஜித் சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்து நின்றார் அரிகிருஷ்ணன். தாம்பரம் பஸ் இரண்டு போனது. ஏறவில்லை. பரிதாவுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

திங்கட்கிழமை பையன் வந்துவிடுவான், தப்பு அவன் மேல் இல்லை என்று எழுதி வாங்கியாகிவிட்டது என்றார். அவள் அழுதாள், அல்லாவுக்கு நன்றி சொன்னாள், அவருக்கும் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"பொண்ணு வூட்டுக்குப் போனீங்களாண்ணா? இன்னா சொன்னாங்க?"

சர்வீஸில் இருந்தபோது எத்தனையோ வீட்டுக்குக் கெட்ட சேதி கொண்டுபோனவர் அவர். ஒரு தடவைகூட நாக்குப் புரளாமல் இருந்ததில்லை. அந்தக் கெடுதலெல்லாம் எவனோ செய்தது; இது அப்படியில்லை.

"நேர்ல வந்து சொல்றேம்மா," என்றார். எதிர்ப்பக்கம் போய், பொழிச்சலூர் போகிற ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினார்.