ஒண்ணாம் பிளாட்பாரத்தில் ஒருவன்

செல்போன் அலறியது!

ஸ்டேஷன் மாஸ்டர் பதறிப்போய் எடுத்தார். ஆறு நாளாக அது வாயையே திறக்கவில்லை.

"மாஸ்டர்! இன்ஸ்பெக்டர் பேசறேன். தனியாவா இருக்கீங்க?"

"வேற யாரு சார் இருக்கா? மழைக்குப் பயந்து வேலையாளுங்க எல்லாம் கீழே இறங்கிட்டாங்க. நானும் நாலு சுவரும்தான்!"

"கட்டட மேஸ்திரியை ஒருத்தன் சுத்தியலால அடிச்சுக் கொன்னுட்டான். மலையேறி உங்க பக்கம்தான் வர்றான்..."

"ஐயையோ!"

"பாதையில மண்சரிவு. நாங்க வர ஒரு மணி நேரமாகும். எதையாவது சொல்லி உக்கார வைங்க. விட்டா காட்டுக்குள்ள போயிடுவான்!"

லைன் கட்.

போலீஸ்காரன் சொல்லும் ஒரு மணி நேரம் எத்தனை மணி நேரம் என்று எவனுக்குத் தெரியும்?

மாஸ்டர் வெளியே பார்த்தார். பாதிக் கூரை. கண்ணாடி பொருத்தாத டிக்கெட் ஜன்னல். பிளாட்பாரம் மட்டும் முடிந்திருந்தது. தண்டவாளம் வர ஏழு மாதம் என்றார்கள். அதையும் நம்புவதற்கில்லை.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் வந்தான்.

சட்டையில் ரத்தம். கையில் சுத்தியல்!

"சார்... கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

"தாராளமா உக்காருப்பா! ரயில்... ரயில் வந்துடும். ஒரு மணி நேரம் லேட்டு!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. பனி விலகினால் குட்டு உடைந்துவிடும். உடைந்தால்... அடுத்த அடி தன் மண்டையில்!

அவன் பெஞ்சைத் தொடவில்லை. பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

மாஸ்டர் டீ கொண்டுபோனார்.

"எந்த ஊருக்குப்பா போகணும்?"

"போறதுக்கு யாரு சார் இருக்கா? உங்களுக்கு?"

"சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா. பொண்ணு ஃபோன் பண்ணுவா..."

"பண்ணுவாங்களா?"

"...பண்ணுவா."

இரண்டு பேரும் டீயைக் குடித்தார்கள். பல மாதம் கழித்து ஒரு மனுஷனோடு உட்கார்ந்து குடிக்கிறார். அவன் கொலைகாரன்!

திடீரென்று பனி விலகியது.

கீழே வெறும் ஜல்லி!

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியலைப் பார்த்தார். அவன் சிரித்தான்.

"பயப்படாதீங்க சார். ரயில் கிடையாதுன்னு தெரியும். இங்கே பள்ளம் தோண்டினதே நானும் என் தம்பியும்தான்."

"அப்ப... இங்கே எதுக்கு வந்தே?"

அவன் சிமெண்ட் தரையை உள்ளங்கையால் தடவினான்.

"அவனைப் பார்க்க."

"எங்கே இருக்கான்?"

"இதுக்கு அடியில."

மாஸ்டர் விலுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"மண்ணு சரிஞ்சு மாட்டிக்கிட்டான் சார். வேலை நின்னுடும்னு மேஸ்திரி அவன் மேலேயே காங்கிரீட் ஊத்திட்டான். 'உன் தம்பி எவ கூடவோ ஓடிப்போயிட்டான்'னு எங்கிட்ட சொன்னான். இன்னிக்குக் காலையில போதையில உளறிட்டான்..."

ஜீப் வந்து நின்றது. அவன் இன்ஸ்பெக்டரிடம் சுத்தியலை நீட்டிக் கொடுத்துவிட்டுக் கையைக் காட்டினான். விலங்கு விழுந்தது.

"சபாஷ் மாஸ்டர்! நல்லா ஏமாத்திட்டீங்க!"

"சார், இதைத் தோண்டுங்க. இவன் தம்பி உள்ளே கிடக்கான்!"

இன்ஸ்பெக்டர் மூக்கைச் சொறிந்தார்.

"திறப்பு விழாவுக்குத் தேதியே குறிச்சாச்சு. நினைச்ச நேரத்துல தோண்ட முடியுமா? மேலிடத்து உத்தரவு வேணும்."

மாஸ்டர் சட்டையைக் கழற்றி வீசினார். மூலையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கினார்.

"ஆளு கீழே கிடக்கான்... மேலிடத்துக்கு இங்கே என்ன சார் வேலை?"